கேன்யனில் ஒரு பகல் நடை: வரைபடத்தைத் திரும்பும் வழியிலிருந்து படியுங்கள்

மலை ஏறிப் பழகியவர்களுக்குக் கேன்யன், அதாவது செங்குத்துச் சுவர்கள் கொண்ட ஆழமான பள்ளத்தாக்கு, பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும். மலையில் முதலில் ஏற்றம். களைத்துப்போனால் நின்ற இடத்திலிருந்து திரும்பிவிடலாம், இறக்கம் எப்படியோ நம்மைக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிடும். கேன்யனில் எல்லாம் தலைகீழ். காலில் தெம்பும் காற்றில் குளிர்ச்சியும் இருக்கும் காலை வேளையில் இறக்கம், தண்ணீர் பாதி தீர்ந்து வெயில் உச்சிக்கு வந்த பிறகு ஏற்றம். நான் முதல் தடவை கிராண்ட் கேன்யனில் சவுத் கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் வரை போனேன். ஒன்றரை மைல்தான், 40 நிமிடத்தில் இறங்கிவிட்டேன், இவ்வளவுதானா என்று இன்னும் கீழே போக மனம் அரித்தது. திரும்பி ஏற ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. அன்றைக்கு இன்னும் கீழே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துத்தான் அதற்குப் பிறகு எந்தக் கேன்யன் நடைக்கும் திட்டத்தைத் திரும்பும் வழியிலிருந்து போட ஆரம்பித்தேன். அதை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தென்மேற்கில் யூட்டா, அரிசோனா, கொலராடோ, நியூ மெக்சிகோ என்று நான்கு மாநிலங்களில் பரந்து கிடக்கும் கொலராடோ பீடபூமியை மனதில் வைத்தே எழுதுகிறேன். கிராண்ட் கேன்யன், சயான், கேன்யன்லாண்ட்ஸ், கேப்பிட்டல் ரீஃப், எஸ்கலாண்டே எல்லாம் அதில்தான் வரும். அங்கே பலகைகளும் வரைபடங்களும் மைலிலும் அடியிலும்தான் பேசும் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். 1 மைல் என்பது 1.6 கிலோமீட்டர், 1000 அடி என்பது சுமார் 305 மீட்டர், இந்த இரண்டும் நினைவிருந்தால் போதும்.

மைலை நம்பாதீர்கள்

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பிலிருந்து பார்த்தால் வடக்கு விளிம்பு எதிரே தெரியும். நேர்கோட்டில் சுமார் 10 மைல். காரில் சுற்றிப் போனால் 200 மைலுக்கு மேல், நடந்து இறங்கி ஆற்றைக் கடந்து ஏறினால் 20 மைலைத் தாண்டும். கண் சொல்லும் தூரமும் கால் நடக்கும் தூரமும் இந்த ஊரில் ஒன்றாக இருக்காது.

அதனால் தூரத்தை மைலாகக் கணக்குப் போடாமல் நேரமாகக் கணக்குப் போட வேண்டும். இதற்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது: 3 மைல் நடைக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நல்ல உடல்வாகு, குளிர்ந்த வானிலை, நல்ல பாதை, இடையில் ஓய்வு இல்லை, இத்தனையும் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு பலிக்கும். பாலைவனத்தில், அதுவும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7000 அடி உயரத்தில் இருக்கும் விளிம்பை நோக்கி ஏறும்போது, நான் அதன் மேல் பாதியைக் கூட்டிக்கொள்கிறேன். குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் இரட்டிப்பாக்கிவிடுங்கள்.

ஒரு உதாரணத்தோடு பார்த்துவிடலாம். கிராண்ட் கேன்யனில் பிரைட் ஏஞ்சல் பாதையில் 3 மைல் ஓய்விடம் வரை போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். போக 3 மைல், வர 3 மைல், உயர வித்தியாசம் சுமார் 2100 அடி. மாதம் ஜூன். கோடையில் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே உள்சரிவில் நடக்காதீர்கள் என்று கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா நிர்வாகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அப்படியானால் 10 மணிக்கு நாம் விளிம்புக்கு வந்துவிட வேண்டும், கணக்கு அந்த 10 மணியிலிருந்துதான் தொடங்குகிறது. ஏறுவதற்கு நெய்ஸ்மித் கணக்குப்படி தூரத்துக்கு 1 மணி, உயரத்துக்கு 1 மணி, ஆக 2 மணி. அதில் பாதி கூட்டினால் 3 மணி. அதாவது 7 மணிக்கு ஓய்விடத்தைவிட்டுக் கிளம்ப வேண்டும். அங்கே அரை மணி நேரம் உட்கார வேண்டுமானால் 6:30க்கு அங்கே இருக்க வேண்டும். இறங்க ஒன்றரை மணி நேரம். ஆக விளிம்பிலிருந்து கிளம்ப வேண்டிய நேரம் காலை 5 மணி. ஜூனில் அங்கே 5:15 வாக்கில் சூரியன் உதிக்கும் என்பதால் 5 மணிக்கே பாதை தெரிகிற அளவு வெளிச்சம் இருக்கும்.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு எண்ணைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்: 7 மணி. ஓய்விடம் வந்ததா இல்லையா என்பது கேள்வியே இல்லை, 7 மணிக்கு எங்கே இருக்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும். காலையில் பேருந்து தாமதமாகி 6 மணிக்குத்தான் இறங்க ஆரம்பித்தீர்கள் என்றால், 7 மணிக்கு ஒன்றரை மைல் ஓய்விடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பீர்கள். சரி, அன்றைய நடை அவ்வளவுதான். திரும்பும் இடத்தை வரைபடத்தில் குறிப்பதைவிடத் திரும்பும் நேரத்தைக் கையில் எழுதிக்கொள்வது நல்லது என்பது என் அனுபவம். இடம் என்று ஒன்று இருந்தால் மனசு 'இன்னும் கொஞ்சம்தானே' என்று பேரம் பேசும்.

ஒரே நாளில் அடியில் ஓடும் கொலராடோ ஆற்றங்கரை வரை இறங்கி மேலே ஏறிவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். பூங்கா நிர்வாகமே அதைச் செய்யாதீர்கள் என்று பாதை ஆரம்பத்தில் பலகை வைத்திருக்கிறது.

கோடுகள் சொல்லும் கதை

அடுத்து வரைபடம். அமெரிக்க நிலவியல் ஆய்வகம், அதாவது யூஎஸ்ஜிஎஸ், நாடு முழுவதையும் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து 1:24,000 அளவில் நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் டோபோ வரைபடங்கள் வெளியிட்டிருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதில் 1 அங்குலம் என்பது தரையில் 2000 அடி. கால்டோபோ, காயா ஜிபிஎஸ் போன்ற செயலிகளிலும் இதே கோடுகளைப் பார்க்கலாம்.

பள்ளிப் புவியியலில் படித்த சம உயரக் கோடுகள்தான் இவை. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் இந்தப் பகுதி வரைபடங்களில் பெரும்பாலும் 40 அடி, எதற்கும் வரைபடத்தின் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஐந்தாவது கோடும் தடிமனாக இருக்கும், உயரம் அதில் எழுதியிருக்கும். கோடுகள் விலகியிருந்தால் சமவெளி, நெருங்கினால் சரிவு, ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்புப் பட்டையாகிவிட்டால் செங்குத்துப் பாறை. காய்ந்த ஓடையைக் கடக்கும் இடத்தில் கோடு அம்பு முனைபோல மடங்கும், அந்த முனை ஓடையின் மேல்பக்கத்தைக் காட்டும். மேட்டு முதுகைக் கடக்கும்போது முனை கீழ்ப்பக்கம் பார்க்கும். ஓடையா முதுகா என்று குழப்பம் வந்தால் எழுதியிருக்கும் உயரத்தைப் பாருங்கள், தீர்ந்துவிடும்.

ஆனால் கேன்யன் நாட்டில் இந்தக் கோடுகளிடம் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 40 அடிக்கு ஒரு கோடு என்றால், 30 அடி உயரச் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே முழுசாக ஒளிந்துகொள்ள முடியும். வரைபடத்தில் சாதுவாகத் தெரியும் ஓர் ஓடையில் நடந்து போவீர்கள், திடீரென்று காலடியில் தரை முடிந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் அருவியாகக் கொட்டி மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும் விளிம்பு அது. ஏறி வரும்போது எதிரே வந்தால் பரவாயில்லை, சுற்றிப் போகலாம், இல்லை திரும்பிவிடலாம். இறங்கும்போது வந்தால்தான் விபரீதம், ஏனென்றால் சின்னப் பாறையில் சறுக்கி இறங்கிவிடத் தோன்றும், இறங்கிய பிறகு அடுத்த பாறை அதைவிட உயரமாக இருக்கும், மேலேயும் போக முடியாது கீழேயும் போக முடியாது. மறுபடி ஏற முடியும் என்று உறுதியாகத் தெரியாத எந்த இடத்திலும் குதிக்காதீர்கள், சறுக்காதீர்கள். புதியவர்கள் பாதை போட்ட இடங்களிலேயே ஆரம்பிப்பது இதற்காகத்தான்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்ய ஒரு வழி உண்டு, எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்: பாறை அடுக்குகளைப் படிப்பது. கொலராடோ பீடபூமியில் பாறைகள் கேக் அடுக்கியதுபோலக் கிடையாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு குணம். யூட்டா பக்கம் விங்கேட் என்ற மணற்பாறை பல மைல் நீளத்துக்குச் செங்குத்துச் சுவராக நிற்கும். அதற்கு மேலே கயென்டா அடுக்கு படிக்கட்டு மாதிரி திட்டுத் திட்டாக உடையும். விங்கேட்டுக்குக் கீழே சின்லே என்ற களிமண் கலந்த அடுக்கு, சரிவாக உதிர்ந்து கிடக்கும். கிராண்ட் கேன்யனில் ரெட்வால் என்ற சுண்ணாம்புப் பாறை ஏறக்குறைய 500 அடிச் சுவர், அதற்குக் கொஞ்சம் கீழே டோன்டோ என்ற அகன்ற மேடை. வரைபடத்தைத் திறந்தால் ரெட்வால் இருக்கும் இடத்தில் கோடுகள் நெரிசலாகவும் டோன்டோவில் பரந்தும் இருப்பது அப்படியே தெரியும். சுவர் அடுக்கைக் கடக்க வழி எங்கோ ஓரிரு இடத்தில் பாறை உடைந்திருந்தால்தான் உண்டு. பிரைட் ஏஞ்சல் பாதை அந்த இடத்தில் இறங்குவதற்குக் காரணமே அங்கே நிலப்பிளவு ஒன்று பாறைகளை உடைத்துவைத்திருப்பதுதான். அந்த வழியை அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஹவாசுபாய் மக்கள் பூங்கா வருவதற்கு நெடுங்காலம் முன்பே பயன்படுத்திவந்தார்கள், பாதையில் நாலரை மைலில் வரும் பச்சைத் திட்டுக்கு 2022இல் ஹவாசுபாய் கார்டன்ஸ் என்று அவர்கள் பெயரையே வைத்தார்கள். ஆக, சுவர் அடுக்கில் எங்கே ஓட்டை என்பது தெரிந்துவிட்டால் வழி எங்கே என்பது பாதி தெரிந்ததுபோல. அந்த ஓட்டையைத் தவறவிட்டால் திரும்பும் வழி இல்லை. இறங்கும்போது அங்கே நின்று திரும்பிப் பார்த்து, கீழிருந்து அது எப்படித் தெரிகிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் வெயிலும்

கீழே இறங்க இறங்க வெப்பம் ஏறும். 1000 அடி இறங்கினால் சுமார் 3 டிகிரி செல்சியஸ் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். விளிம்பில் இதமாக 29 டிகிரி இருக்கும் கோடை நாளில் ஆற்றங்கரையில் 40ஐத் தாண்டிவிடும். பாறைகள் வாங்கிய சூட்டைத் திருப்பி வீசுவது தனி.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்பது நான் வைத்திருக்கும் அளவு, கோடையில் அதுவும் போதாமல் போகலாம். 4 லிட்டர் என்றால் 4 கிலோ, பைக்குள் வேறு எதை எடுப்பது என்பதை இதுதான் தீர்மானிக்கும். வரைபடத்தில் நீல நிறத்தில் ஊற்று என்று போட்டிருப்பதைத் தண்ணீர் என்று எண்ணிவிடாதீர்கள். வரைபடத்துக்காக அளந்தவர்கள் அங்கே வந்த வருடத்தில் மட்டும் அது ஈரமாக இருந்திருக்கலாம். பிரைட் ஏஞ்சல் பாதையின் ஓய்விடங்களில் குழாய் உண்டு, ஆனால் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், மற்ற நாட்களிலும் குழாய் உடைந்து தண்ணீர் நின்றுபோவது அடிக்கடி நடப்பதுதான், கிளம்பும் அன்று பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிட்டே போங்கள். சவுத் கைபாப் பாதையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்து ஒன்றும் சாப்பிடாமல் நடப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்கிறது, இரத்தத்தில் சோடியம் குறைந்தால் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் என்று ஆரம்பித்து உயிருக்கே உலை வைக்கும். உப்பான தின்பண்டம் எதுவானாலும் மணிக்கு ஒரு கைப்பிடி வாயில் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று, திரும்பும் நேரம் போலவே தண்ணீருக்கும் ஒரு திரும்பும் புள்ளி உண்டு. கிளம்பும்போது இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும், ஏனென்றால் ஏற்றத்துக்கு இறக்கத்தைப்போல இரு மடங்கு தேவைப்படும். நேரமோ தண்ணீரோ எது முதலில் சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

மேலே நீலவானம், கீழே காட்டாறு

1997 ஆகஸ்ட் 12. அரிசோனாவில் பேஜ் ஊருக்குப் பக்கத்தில் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மழை பெய்தது அங்கே அல்ல, பல மைல் தள்ளி மேல்நிலத்தில். 2015 செப்டம்பர் 14 அன்று சயான் பூங்காவில் கீஹோல் என்ற குறுகிய கேன்யனுக்குள் இருந்த 7 பேரும் அப்படியே இறந்தார்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே கையை விரித்தால் தொடக்கூடிய அகலம்தான் பல இடங்களில் இருக்கும், தண்ணீர் வந்தால் ஒதுங்க இடமே இல்லை.

நம் ஊர்க் காட்டாற்றைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, மலைமேல் மழை பெய்தால் கீழே மணலாகக் கிடந்த ஆறு நொடியில் பொங்கும். இங்கே பாறை வழுவழுப்பாக, மண்ணே இல்லாமல் கிடப்பதால் பெய்த மழை உறிஞ்சப்படாமல் அப்படியே ஓடி வருகிறது. அதனால் குறுகிய கேன்யனுக்குள் போவதற்கு முன் வரைபடத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் விரலை வைத்து, அங்கே வந்து சேரும் ஓடைகளை எல்லாம் மேல்நோக்கித் தடம் பிடித்துக்கொண்டே போங்கள், மேட்டு முதுகுகள் வரும் வரை. அந்த முதுகுகளை இணைத்து ஒரு கோடு வரைந்தால் அதற்குள் விழும் மழை எல்லாம் உங்கள் காலடிக்குத்தான் வரும். முதல் தடவை வரைந்து பார்த்தபோது அந்த வட்டம் எவ்வளவு பெரிது என்று கண்டு அதிர்ந்துபோனேன். வானிலை அறிக்கையை அந்த வட்டம் முழுவதுக்கும் பார்க்க வேண்டும், கார் நிறுத்தும் இடத்துக்கு மட்டும் பார்த்தால் பயன் இல்லை.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை இங்கே பருவமழைக் காலம், பிற்பகலில் இடி மழை திடீரென்று கூடும். தேசிய வானிலைச் சேவை சயான் போன்ற பூங்காக்களுக்கு அன்றாடம் வெள்ள வாய்ப்பைக் கணித்து வெளியிடுகிறது. அதில் 'நிகழலாம்' என்று போட்டிருந்தாலே நான் குறுகிய கேன்யனுக்குள் போக மாட்டேன், விளிம்பில் வேறு ஒரு நடை வைத்துக்கொள்வேன். சயானில் நேரோஸ் என்ற புகழ்பெற்ற நடை வர்ஜின் ஆற்றுக்குள்ளேயே நடப்பது. ஆற்றில் நொடிக்கு 150 கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தால் அதை மூடிவிடுவார்கள். கீழிருந்து போய்த் திரும்புவதற்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை, 5 மைலில் பிக் ஸ்பிரிங் வரை போகலாம். இங்கே நெய்ஸ்மித் கணக்கு உதவாது. ஏற்றமே கிடையாது, ஆனால் முழங்கால் தண்ணீரில் உருளைக் கற்கள் மேல் மணிக்கு ஒரு மைல் போனாலே நல்ல வேகம்.

கருவிகள், சில்லறை விஷயங்கள்

போனில் வரைபடத்தை வீட்டிலிருந்தே இறக்கி, விமான முறைக்கு மாற்றித் திறந்து பாருங்கள், அப்போதுதான் உண்மையிலேயே இறங்கியிருக்கிறதா என்று தெரியும். அங்கே பல இடங்களில் சிக்னல் கிடையாது. உயர்ந்த சுவர்களுக்கு நடுவே ஜிபிஎஸ் தடுமாறும், பதிவான தடம் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் கோணல்மாணலாகப் போகும், நடக்காத மைலையும் கூட்டிக் காட்டும். காகித வரைபடமும் திசைகாட்டியும் அதனால்தான். திசைகாட்டி ஊசி அங்கே உண்மை வடக்கிலிருந்து சுமார் 10 டிகிரி கிழக்கே விலகி நிற்கும், திருத்தாமல் நடந்தால் ஒரு மைலுக்கு 900 அடி தள்ளிப் போய்விடுவீர்கள்.

கடிகாரத்தைக் கவனியுங்கள். யூட்டா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும், அரிசோனா தள்ளாது, அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ பூர்வகுடிகளின் நிலத்தில் தள்ளுவார்கள். எல்லைப் பக்கம் போன் தானாகவே முன்னும் பின்னும் மாறும். திரும்பும் நேரத்தை நம்பித் திட்டம் போட்டவருக்கு இது சின்ன விஷயமல்ல. தானாக மாறாத கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

அனுமதிகளையும் முன்பே பார்த்துவிடுங்கள். சயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை முகட்டில் ஏற 2022 ஏப்ரல் முதல் குலுக்கலில் சீட்டு வாங்க வேண்டும். ஆன்டிலோப் கேன்யன் நவஹோ நிலம், வழிகாட்டியோடுதான் விடுவார்கள்.

பாதை இல்லாத இடத்தில் கால் வைக்க நேர்ந்தால் வெறும் பாறையிலோ ஓடை மணலிலோ வையுங்கள். நடுவே கருத்துப்போய்ப் புடைத்துக் கிடக்கும் மண் வெறும் மண் அல்ல, நுண்ணுயிர்கள் நூல் நூலாகப் பின்னிக் கட்டிய உயிருள்ள மேலோடு. மண் காற்றில் பறக்காமல் பிடித்துவைத்திருப்பது அதுதான். ஒரு மிதி மிதித்தால் தேற பல பத்தாண்டுகள் ஆகும். வழி திட்டமிடும்போதே பாறையையும் ஓடையையும் தொடுத்துக்கொண்டு கோடு வரைந்தால் அதை மிதிக்கவே வேண்டியிருக்காது.

கடைசியாக, ஒரு காகிதம். 2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் யூட்டாவில் புளூஜான் கேன்யனுக்குத் தனியே போனார். உருண்ட பாறை ஒன்று அவர் கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நாள் கழித்துத் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் ஒவ்வொரு நடைக்கு முன்னும் வீட்டில் உள்ளவருக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறேன். அதில் பாதையின் பெயர், ஆரம்ப இடம், கார் எண், என்னோடு வருபவர்கள், வரைபடத்தில் போட்ட கோட்டின் படம், நான் திரும்பும் நேரம், காருக்கு வந்து சேரும் நேரம் எல்லாம் இருக்கும். கடைசி வரியில் இன்னொரு நேரம், காருக்கு வரும் நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் தள்ளி. அதற்குள் என்னிடமிருந்து தகவல் வரவில்லை என்றால் அந்த வட்டார ஷெரீஃப் அலுவலகத்தையோ பூங்காவையோ அழைக்கச் சொல்லி, இரண்டின் எண்ணையும் அதிலேயே எழுதிவிடுகிறேன். சிக்னல் கிடைக்கும் முதல் இடத்தில் வண்டியை நிறுத்தி, 'வந்துவிட்டேன்' என்று அனுப்பிவிட்டுத்தான் மேலே ஓட்டுவேன்.